லைவ்ஸ்கோப் வந்தபின் க்ராப்பி குறைகிறதா, இல்லை நாம்தான் அதிகமாகிவிட்டோமா?

தக்கைமுத்து (மெம்ஃபிஸ்)

க்ராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிக்க வடக்கு மிசிசிப்பி ஏரிகளுக்குப் போகிறவர்கள் இங்கே சில பேர் இருக்கிறீர்கள். ஆர்கபட்லா, சார்டிஸ், ஈனிட், கிரெனடா என்று எந்தப் படகுத்துறையில் இறங்கினாலும் இப்போது இரண்டு கட்சி. "இந்த லைவ்ஸ்கோப் எழவு வந்துதான் க்ராப்பி அழிகிறது, தடை பண்ணு" என்பது ஒன்று. "பிடிக்கத் தெரியாதவன் மெஷினைத் திட்டுகிறான்" என்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் கத்தலாக இருக்கிறதே தவிர யாரும் நிதானமாகப் பேசுவதில்லை. அதனால்தான் இந்த இழை.

புதிதாக வருபவர்களுக்குச் சின்ன முன்கதை. பழைய சோனார் (ஒலியலையால் தண்ணீருக்குள் பார்க்கும் கருவி) படகுக்கு நேர் கீழே இருப்பதைக் காட்டும். திரையில் வளைவு தெரியும்போது மீன் போயிருக்கும். 2018இல் கார்மின் லைவ்ஸ்கோப் வந்தது. பிறகு லோரன்ஸ் ஆக்டிவ் டார்கெட், ஹம்மின்பேர்ட் மெகா லைவ். இவை படகுக்கு முன்னால் என்ன நடக்கிறதோ அதை அந்த நொடியிலேயே காட்டுகின்றன. லைவ்ஸ்கோப்பின் கற்றை 20 டிகிரி அகலம், 135 டிகிரி உயரம், 200 அடி தூரம் வரை எட்டும். ஓடும் மீன், அதன் முன்னால் தொங்கும் நம் ஜிக் (ஈயத்தலை வைத்த செயற்கை இரை), மீன் ஜிக்கைப் பார்த்துத் திரும்புவது, எல்லாம் தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மெஷினால் ஏரியில் க்ராப்பியே இல்லாமல் போகாது. போகப்போவது பெரிய க்ராப்பி. இரண்டும் வேறு வேறு பிரச்சினை, இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள்.

புதுத்தூண்டில் (ஆஸ்டின்)

மன்னிக்கவும், அடிப்படைக் கேள்வி. நான் இந்த வருடம்தான் லைசென்ஸ் எடுத்தேன். ஒரு உள்ளங்கை மீனுக்காக இவ்வளவு விலையில் மெஷினா? அப்படி என்ன இருக்கிறது க்ராப்பியில்?

கரையோரம் சுகந்தி (லிட்டில் ராக்)

தம்பி, ஒரு தடவை சோள மாவு புரட்டிப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து கேளுங்கள். வெள்ளை வெளேர் சதை, கவிச்சி வாடையே கிடையாது. நான் சோள மாவோடு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கொஞ்சம் சோம்புப் பொடி சேர்ப்பேன். பக்கத்து வீட்டு அமெரிக்கர்கள் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள்.

வெள்ளை, கறுப்பு என்று இரண்டு இனம். முதுகுத் துடுப்பில் முள் எண்ணிப் பாருங்கள். கறுப்பில் ஏழு எட்டு, வெள்ளையில் ஐந்து ஆறு. வாய் காகிதம் மாதிரி மெல்லிசு. வெடுக்கென்று இழுத்தால் தூண்டில் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும், அதனால்தான் நீளமான, வளைந்து கொடுக்கும் கம்பு. உள்ளங்கை மீன் என்கிறீர்கள், வெள்ளை க்ராப்பியில் உலக சாதனை 5 பவுண்டு 3 அவுன்ஸ். 1957இல் பிடித்தது, இதே ஈனிட் ஏரியில். கறுப்பில் 5 பவுண்டு 7 அவுன்ஸ், 2018இல் டென்னசியில்.

டல்லாஸ் பொறியாளன்

முத்து அண்ணே, எனக்கு இந்தப் புலம்பலில் நம்பிக்கை இல்லை. 1950களின் கடைசியில் லோரன்ஸ் முதல் கையடக்க சோனாரைப் பச்சைப் பெட்டியில் விற்றபோதும் "மீனுக்கு இனி வாழ்வில்லை" என்றார்கள். 2000இல் ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அரசு நீக்கியது. மீன் தங்கட்டும் என்று தண்ணீருக்குள் முட்புதர் போட்ட இடத்துக்கு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போக முடிந்தது, அப்போதும் இதே பாட்டு. 2005இல் பக்கவாட்டில் படம் காட்டும் சோனார் வந்தபோதும் அதே. ஏரிகள் இருக்கத்தானே செய்கின்றன?

அப்புறம், ஆராய்ச்சி என்று ஒன்று இருக்கிறது. கேன்சஸில் சீடர் பிளஃப் நீர்த்தேக்கத்தில் அந்த மாநில வனவிலங்குத் துறைக்காரர்கள் சாதாரணத் தூண்டில்காரர்களைப் பிரித்து, சிலருக்கு இந்த சோனாரோடு, சிலருக்கு இல்லாமல் வெள்ளை க்ராப்பி பிடிக்க விட்டுப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றும் வரவில்லை. உணர்ச்சிவசப்படாமல் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

தக்கைமுத்து

சொல்கிறேன். அந்த ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சிதான், நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: சாதாரணத் தூண்டில்காரர்கள். இந்த மெஷினைப் புதிதாகக் கையில் வாங்கியவனுக்குத் திரையில் தெரிவது குளத்துப் பாசியா, மீனா, மரக்கிளையா என்றே புரியாது. வருடம் முழுக்க வாரத்துக்கு நாலு நாள் அதோடு வாழ்கிற கைடு (காசு வாங்கிக்கொண்டு மீன்பிடிக்க அழைத்துப்போகிறவர்) கதை வேறு. சராசரியை எடுத்தால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். ஏரியில் பெரிய மீனை எடுப்பது சராசரி ஆள் இல்லை.

எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்ததைச் சொல்கிறேன். குளிர்காலம், கிரெனடா. வெள்ளக் கட்டுப்பாட்டுக்காக ராணுவப் பொறியாளர் படை கட்டிய ஏரி அது. கோடையில் சுமார் 35,000 ஏக்கர். மழைக்கு இடம் வேண்டும் என்று குளிர்காலத்தில் தண்ணீரை இறக்கிவிடுவார்கள், பரப்பு கிட்டத்தட்ட 10,000 ஏக்கருக்குச் சுருங்கிவிடும். அத்தனை மீனும் அந்தப் பழைய ஆற்றுப் பள்ளத்தில். படகின் மூக்கில் உட்கார்ந்திருப்பவர் காலால் ட்ரோலிங் மோட்டாரை மிதித்துக்கொண்டு, கையால் டிரான்ஸ்டியூசர் (சோனாரின் ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) மாட்டிய தடியைத் திருப்பிக்கொண்டே இருப்பார். திரையில் சின்னச் சின்னப் பொட்டாக ஒரு கூட்டம் வரும், அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். தனியாக ஒரு தடித்த கீற்று தெரியும். அங்கேதான் மோட்டார் வேகம் குறையும். 14 அடி கம்பை நீட்டி ஜிக்கை அந்த மீனின் தலைக்கு ஒரு அடி மேலே நிறுத்துவார். க்ராப்பிக்குக் கண் மேல்பக்கம் பார்க்கிற மாதிரி அமைந்திருக்கிறது, கீழே போனதை அது சட்டை செய்யாது. கீற்று மெதுவாக எழும்பி ஜிக்கோடு ஒட்டும். எடுத்தால் இரண்டரை பவுண்டு.

அந்த மீன் இதற்கு முன்னால் எப்படிப் பிழைத்தது? அது எந்தப் புதரிலும் நிற்காது. நடுத்தண்ணீரில் ஷேட் என்ற இரைமீன் கூட்டத்தின் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும். எங்கே என்று யாருக்கும் தெரியாது. வசந்தத்தில் கரைக்கு வரும் இரண்டு மூன்று வாரம்தான் அதற்கு ஆபத்து. மீதி வருடம் தண்ணீரின் அகலமே அதற்குப் பாதுகாப்பு. இப்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. பச்சைப் பெட்டியோ ஜிபிஎஸ்ஸோ இதைச் செய்யவில்லை. அவை இடத்தைக் காட்டின, இது தனி மீனைக் காட்டுகிறது.

ஆற்றுமணல் (பேட்டன் ரூஜ்)

நான் மீன்வளம் படித்தவள், இப்போது வேறு வேலை. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

க்ராப்பியை மற்ற மீன்களோடு ஒப்பிட்டால் அதன் வாழ்க்கை வேகமானது. இரண்டு மூன்று வயதில் முட்டை போடும். ஒரு பெண் மீன் ஆயிரக்கணக்கில், பெரியதாக இருந்தால் லட்சத்தையும் தாண்டி முட்டை இடும். தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது ஆண் மீன் கறுத்துப்போய் கரையோரத்தில் கூடு தோண்டிக் காவல் நிற்கும். இதெல்லாம் வருடா வருடம் நடக்கும். ஆனால் குஞ்சு தேறுவது வருடா வருடம் நடக்காது. வசந்தத்தில் தண்ணீர் ஏறிச் செடிகள் மூழ்கினால் அந்த வருடக் குஞ்சுகள் ஏராளமாகத் தேறும். ஏறாவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதனால்தான் மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய தலைமுறை வரும். அது வளர்ந்து பிடிபடும் அளவுக்கு வரும்போது "ஆஹா, ஏரி திரும்பிவிட்டது" என்பார்கள். அது முடிந்ததும் "யாரோ அழித்துவிட்டார்கள்" என்பார்கள். லைவ்ஸ்கோப் இல்லாத காலத்திலும் இந்த ஏற்ற இறக்கம் இப்படியேதான் இருந்தது.

இன்னொன்று, தூண்டில் படாமலே வருடத்துக்கு நிறைய க்ராப்பி சாகும். நோய், சூடு, பெரிய மீன் தின்பது. நீங்கள் எடுத்த மீன்களில் ஒரு பகுதி எப்படியும் அடுத்த வருடம் இருந்திருக்காது. ஆகவே "ஆயிரம் பிடித்தான், ஆயிரம் குறைந்தது" என்ற கணக்கு செல்லாது. பொறியாளர் பக்கம் இது பலமான வாதம்.

ஆனால் அவர் சொன்ன "ஏரிகள் இருக்கத்தானே செய்கின்றன" என்பதை நான் ஏற்க மாட்டேன். பிடி நன்றாக இருக்கிறது என்பதற்காக மீன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் கதையைப் பாருங்கள். மீன் குறையக் குறைய மிச்சமிருந்தவை சில இடங்களில் திரண்டன. கப்பல்கள் கருவி வைத்து அந்தத் திரளைத் தேடித் தேடிப் போயின. ஒரு மணிநேர இழுவைக்குக் கிடைத்த மீன் குறையவே இல்லை. கணக்குப் பார்த்தவர்கள் அதை நம்பினார்கள். 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று, ஏறக்குறைய 30,000 பேர் வேலை இழந்தார்கள்.

க்ராப்பி காட் அல்ல, அதே கதி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேடும் திறமை ஏறினால் பிடியின் கணக்கு பொய் சொல்லத் தொடங்கும் என்பது இரண்டுக்கும் பொது. படகுத்துறையில் நின்று "இன்று எத்தனை, எத்தனை மணி நேரம்" என்று எழுதிக்கொள்ளும் கணக்கெடுப்பை வைத்துத்தான் பல மாநிலங்கள் முடிவெடுக்கின்றன. பாதிப் படகுகளில் புதுக் கருவி இருக்கும்போது அந்தக் கணக்கை 2015ஆம் வருடக் கணக்கோடு நேரடியாக வைத்துப் பார்க்க முடியாது. இலையுதிர்காலத்தில் பொறிவலை போட்டுப் பிடித்து, காதுக்கல்லை எடுத்து வளையம் எண்ணி வயது பார்ப்பதுதான் நம்பகமான வழி. அதிலும் க்ராப்பிக்குப் பொறிவலை வருடத்துக்கு வருடம் தாறுமாறாகக் காட்டும்.

டல்லாஸ் பொறியாளன்

சரி, இது நியாயமான பதில். காட் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் கேள்வி மிச்சமிருக்கிறது: பெரிய மீனை எடுத்தால் இனப்பெருக்கம் பாதிக்குமா?

ஆற்றுமணல்

குஞ்சு தேறுவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தண்ணீரும் வானிலையும்தான் என்பதால், சில நூறு பெரிய தாய்மீன் போனதால் ஏரி காலியாகாது. ஆனால் மூன்று பவுண்டு மீன் ஒன்று உருவாகப் பல வருடம் வேண்டும். வழியில் இயற்கைச் சாவைத் தாண்டி வந்த கொஞ்சம் மீன்களில் ஒன்று அது. வருடத்தின் மிச்ச பதினோரு மாதமும் அதைத் தேட முடிகிறது என்றால் அந்த வயதுக்கு வருவது இன்னும் குறையும். முத்து அண்ணன் முதலில் சொன்னதும் இதுதான், நான் சுற்றி வளைத்து வந்து சேர்ந்திருக்கிறேன்.

பனித்துளை (மினியாபொலிஸ்)

எங்கள் பக்கம் யாரும் பேசாத ஒரு விஷயம். குளிர்காலத்தில் க்ராப்பி ஏரியின் ஆழமான குழிகளில் போய்த் தங்கும். முன்பெல்லாம் பனிக்கட்டியில் வரிசையாகத் துளை போட்டுக்கொண்டே போக வேண்டும், முதுகு கழன்றுவிடும். இப்போது ஒரு துளை போட்டு டிரான்ஸ்டியூசரை இறக்கி ஒரு சுற்றுச் சுற்றினால் கூட்டம் எந்தத் திசையில் என்று தெரிந்துவிடும். அடுத்த துளை நேராக அதன் தலைமேல்.

மினசோட்டாவில் ஒருநாள் வரம்பு 10 க்ராப்பி. "நான் பத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லையே, மற்றதை விட்டுவிடுகிறேனே" என்பார்கள். பிரச்சினை அங்கேதான். 30 அடி, 35 அடியிலிருந்து மேலே கொண்டுவந்த க்ராப்பியைப் பாருங்கள். உள்ளே காற்றுப்பை ஊதி வயிறு வாய்வழியாகத் தள்ளிக்கொண்டிருக்கும், கண் பிதுங்கும். இந்த மீனால் காற்றை வாய்வழியாக வெளியே விட முடியாது, அப்படி ஒரு குழாய் அதற்கு இல்லை. துளையில் விட்டால் சிலது மல்லாந்து மிதக்கும். சிலது கீழே போகும், போனதை "பிழைத்தது" என்று எழுதிக்கொள்கிறோம். சின்னதை விட்டுவிட்டுப் பெரியதைத் தேடும் ஆள் பத்து மீனை வீட்டுக்குக் கொண்டுபோக எத்தனை மீனை மேலே இழுக்கிறார் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

டல்லாஸ் பொறியாளன்

இதற்கு டெக்சஸில் ஒரு விதியே உண்டு. மாநிலம் முழுக்க 25 மீன், 10 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும். ஆனால் லேக் ஃபோர்க்கிலும் லேக் ஓ த பைன்ஸிலும் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை அளவு வரம்பு கிடையாது, பிடித்த ஒவ்வொரு க்ராப்பியையும் வைத்துக்கொண்டே ஆக வேண்டும். விரல் நீள மீனும் கணக்கில் சேரும். 25 ஆனதும் கம்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆழத்திலிருந்து வந்தது எப்படியும் சாகும், பிறகு எதற்கு விடுவது என்ற கணக்கு. லைவ்ஸ்கோப்புக்கு ரொம்ப முன்னாலேயே போட்ட விதி இது.

நான் உங்கள் கட்சிக்கு மாறவில்லை, கவனிக்கவும். ஆனால் ஆழமான ஏரிகளுக்கு இந்த மாதிரி விதி மற்ற மாநிலங்களிலும் வந்தால் எதிர்க்க மாட்டேன்.

வலைக்காரன் பேரன் (ஹன்ட்ஸ்வில்)

இவ்வளவு பேசுவதற்குப் பேசாமல் தடை செய்துவிட்டால் என்ன? பாஸ் மீன் போட்டிகளில் செய்கிறார்களே. என்பிஎஃப்எல் என்ற போட்டி அமைப்பு 2024இல் முழுக்கத் தடை போட்டது. மேஜர் லீக் ஃபிஷிங் என்ற இன்னொரு அமைப்பு 2025இல் ஒருநாள் ஆட்டத்தின் மூன்று கட்டத்தில் ஒரு கட்டத்துக்கு மட்டும் அனுமதித்தது. அவர்களால் முடிந்தது ஒரு மாநிலத்தால் முடியாதா?

தக்கைமுத்து

போட்டி வேறு, சட்டம் வேறு தம்பி. போட்டியில் படகில் ஒரு நடுவர் இருப்பார், மீறினால் பரிசு போகும், அவ்வளவுதான். அவர்கள் கவலையும் மீனைப் பற்றியது இல்லை, ஆட்டத்தைப் பற்றியது. திரையை முறைத்துக்கொண்டே நிற்கும் ஆளை எத்தனை மணிநேரம் ஒளிபரப்புவது? ஏரியில் தடை என்றால் வார்டன் (மீன்பிடி விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி) ஒவ்வொரு படகின் திரையையும் எட்டிப் பார்க்க வேண்டும். அதே டிரான்ஸ்டியூசரைக் கீழ்நோக்கித் திருப்பிவைத்தால் அது வெறும் சோனார். எதைப் பிடிப்பது?

அப்புறம், உபகரணத்துக்குத் தடை போட்டால் விற்றவர்கள், வாங்கியவர்கள், கைடுகள் எல்லோரும் சேர்ந்து எதிர்ப்பார்கள். வரம்பைக் குறைத்தால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வலிக்கும், ஆனால் யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். ஓக்லஹோமாவில் 37, அலபாமாவில் 30 என்று வைத்திருந்தார்கள். லூசியானாவில் பல வருடங்களாக 50 இருந்தது! ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு! இந்த எண்கள் எல்லாம் கரையில் தக்கை போட்டு உட்கார்ந்திருந்தவர்களை மனத்தில் வைத்துப் போட்டவை. அப்போது 30 என்பது எட்டாத கனவு, அதனால் அது யாரையும் கட்டுப்படுத்தவில்லை. இப்போது அது காலை பத்து மணிக்கே முடிகிற வேலை.

ஆற்றுமணல்

எண்ணைக் குறைப்பதில் எனக்கு ஒப்புதல்தான். ஆனால் அளவு வரம்பை எல்லா ஏரிக்கும் நீட்டிவிடாதீர்கள். வடக்கு மிசிசிப்பி ஏரிகளில் 12 அங்குல வரம்பு வேலை செய்கிறது. அங்கே தீனி அதிகம், மீன் மளமளவென்று வளரும். சின்னக் குட்டைகளிலும் தீனி குறைந்த ஏரிகளிலும் க்ராப்பி குஞ்சு பொரித்துத் தள்ளி, எல்லாம் ஏழு அங்குலத்தில் நின்றுவிடும். அங்கே 10 அங்குலத்துக்குக் கீழே விடு என்றால் அந்த மீன் 10 அங்குலத்துக்கு வருவதற்குள் கிழடாகிச் சாகும். அங்கே சின்னதைத்தான் எடுக்க வேண்டும், நிறைய எடுக்க வேண்டும்.

பெரிய மீனைக் காப்பதுதான் நோக்கம் என்றால் "இத்தனை அங்குலத்துக்கு மேல் ஒன்றோ இரண்டோதான்" என்று மேல்முனையில் வரம்பு வைப்பது நேரான வழி. ஆழம் குறைந்த ஏரியில் மட்டும். பனித்துளை சொன்ன ஆழமான குழிகளில் அது எதிர்மாறாகப் போகும், விட்டதெல்லாம் மிதக்கும்.

கரையோரம் சுகந்தி

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் மாமனாருக்கு 74 வயது, மூட்டுவலி. கரையில் ஏறி இறங்க முடியாது. என் பையன் படகில் அவரை உட்காரவைத்து அந்தத் திரையைக் காட்டி, "தாத்தா, அந்தா வருது பாருங்க, அசையாதீங்க" என்பான். அவர் நாலு மீன் பிடித்தால் அன்றைக்குச் சமையல் முடிந்தது, வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த மெஷினால் என்ன கெட்டுப்போனது? எனக்குக் கோபம் வருவது முழு வரம்பும் பிடித்து, துறையில் பலகைமேல் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து, எந்த ஏரி, எந்தப் பாலத்துக்கு எந்தப் பக்கம் என்று சாயங்காலத்துக்குள் போட்டுவிடுகிறார்களே, அவர்கள்மேல். அடுத்த சனிக்கிழமை அங்கே நிறுத்த இடம் கிடைக்காது.

பனித்துளை

அக்கா சொல்வது முழுக்க உண்மை. சோனார் ஒருவனுக்கு மீனைக் காட்டும், போன் ஐந்நூறு பேருக்கு ஏரியைக் காட்டும். எது மோசம் என்று கேட்டால் நான் போனைத்தான் சொல்வேன்.

தக்கைமுத்து

ஆர்கபட்லாவில் அணையில் கசிவு என்று 2023இல் தண்ணீரை அவசரமாக இறக்கினார்கள், நினைவிருக்கும். அங்கே போய்க்கொண்டிருந்தவர்கள் தூண்டிலை மூட்டை கட்டவா செய்தார்கள்? சார்டிஸுக்கும் ஈனிட்டுக்கும் திரும்பினார்கள். அந்த நெருக்கடியையும் படகுத்துறையில் லைவ்ஸ்கோப் தலையில்தான் கட்டுகிறார்கள். ஒரு ஏரியின் அணையில் கோளாறு என்றால் பக்கத்து ஏரியின் மீனுக்கு அடி விழும். கருவி, கூட்டம், தண்ணீர் மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றைப் பிடித்து ஆட்டுவதில் பயனில்லை.

புதுத்தூண்டில்

படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது, ஆனாலும் நன்றி. நடைமுறைக் கேள்வி: நான் மெஷின் வாங்கப் போவதில்லை. மார்ச்சில் கரையிலிருந்தே பிடிக்க வேண்டும். சின்ன மீன் வந்தால் பிழைக்கிற மாதிரி எப்படி விடுவது?

டல்லாஸ் பொறியாளன்

மார்ச்சில் கரையோரம் என்றால் மூன்று நாலு அடி ஆழம்தான், காற்றுப்பைத் தொல்லை இருக்காது. கையை நனைத்துவிட்டுப் பிடியுங்கள், காய்ந்த கை மேல்கோழையை உரித்துவிடும். தூண்டில் முள்ளில் உள்ள கொக்கிப்பல்லை இடுக்கியால் நசுக்கிவிட்டால் அந்தக் காகித வாயிலிருந்து சுலபமாகக் கழலும். தூக்கி எறியாமல் தண்ணீரில் வைத்து விடுங்கள். கறுத்துப்போன ஆண் மீன் வந்தால் பிடித்த இடத்திலேயே உடனே விடுங்கள், அது கூட்டைக் காத்துக்கொண்டிருக்கும், விட்டால் பெரும்பாலும் அங்கேயே திரும்பிப் போகும். 1/16 அவுன்ஸ் ஜிக், மேலே தக்கை, 6 பவுண்டு தாங்கும் தங்கூசி போதும். உங்கள் ஏரிக்கு என்ன வரம்பு என்று மாநிலத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே மாவட்டத்தில் இரண்டு ஏரிக்கு இரண்டு விதி இருக்கும்.